கரண்டு குடிக்காத காவல் பெட்டி

மழை பெய்தால்கூட, பெய்கிறது என்று யாராவது எழுதிக் கொடுத்தால்தான் கொக்கலாஞ்சேரிக்காரர்கள் நனைவார்கள் என்று சுற்றுப்பட்டு ஊர்களில் ஒரு பேச்சு உண்டு. அது அபாண்டம். ஊரில் மற்றவர்கள் எல்லாரும் சாதாரணமாகத்தான் நனைகிறார்கள். எழுத்து கேட்பது பத்திரக்காரர் வீடு ஒன்றுதான்.

அந்த வீட்டில் மூன்று ஆண்கள். மூத்தவர் ஆவுடையப்பன், பத்திர ஆபீஸ் வாசலில் முப்பத்தெட்டு வருஷம் உட்கார்ந்து பத்திரம் எழுதியவர். அடுத்தவர் அவர் தம்பி குத்தாலிங்கம், அண்ணன் எழுதிய பத்திரத்துக்கெல்லாம் சாட்சிக் கையெழுத்துப் போட்டுப் போட்டே தலை நரைத்தவர். மூன்றாமவர் ஆவுடையப்பனின் மச்சினர் பாபநாசம். எழுதி முடித்ததை உரக்கப் படித்து ஒப்புப் பார்ப்பது அவர் உத்தியோகம். மூன்று பேருக்கும் வேதம் ஒன்றே. எழுத்தில் இருப்பது உண்டு, எழுத்தில் இல்லாதது கிடையாது.

ஒரு தடவை குத்தாலிங்கத்துக்குக் காய்ச்சல் வந்தது. டாக்டர் சீட்டில் 'காலையில் ஒரு மாத்திரை' என்று எழுதினாரே தவிர, விழுங்க வேண்டும் என்று எழுதவில்லை. குத்தாலிங்கம் பதினோரு நாள் காலையில் ஒரு மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். காய்ச்சல் போய்விட்டது. அந்த டாக்டரைப் போலக் கைராசிக்காரர் ஜில்லாவிலேயே இல்லை என்று இன்றைக்கும் சொல்வார்.

இந்த மூன்று பேருக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட ஒரே பெண் ஆவுடையப்பனின் மகள் உலகம்மை. ஆஸ்பத்திரிக்காரர்கள் அனுப்புகிற காப்பீட்டுக் காகிதங்களை மடிக்கணினியில் சரிபார்க்கிற வேலை. ஆபீஸ் ஹைதராபாத்தில், அவள் கொக்கலாஞ்சேரியில். நோயாளிகளின் சங்கதி எல்லாம் வீட்டு இணையத்தில் போய் வருகிறதே, எவனாவது திருட்டுத்தனமாக உள்ளே நுழைந்து பார்த்துவிட்டால் என்ன ஆவது என்று கம்பெனிக்குத் திடீரென்று கவலை வந்துவிட்டது. வீட்டில் வேலை பார்ப்பவர்கள் ஒவ்வொருவரும் தங்கள் இணையத்துக்கு ஒரு ஃபயர்வால், அதாவது காவல் பெட்டி, வைத்தாக வேண்டும் என்று கடிதம் போட்டார்கள். இத்தனாம் தேதி திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு ஹைதராபாத்திலிருந்தே உள்ளே நுழையப் பார்ப்பார்களாம். நுழைய முடியாவிட்டால் அவள் வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம். நுழைந்துவிட்டால் ஒன்றாம் தேதி ஹைதராபாத்துக்கு மூட்டை கட்ட வேண்டியதுதான்.

ஆவுடையப்பன் அந்தக் கடிதத்தைப் படித்தார், மடித்தார், பிரித்து மறுபடி படித்தார். உலகம்மை போய்விட்டால் வீட்டில் மிஞ்சுவது மூன்று ஆண்களும் ஒரு குக்கரும். குக்கரோடு வந்த புத்தகம் தொலைந்து ஆறு வருஷம் ஆகிறது. அதை விடுங்கள். தாயில்லாமல் அவர் கையில் வளர்ந்த பிள்ளை. சாப்பிடும்போது எதிரில் உட்கார்ந்து, ரசத்துக்கு உப்பு போதுமாப்பா என்று அவள் ஒரு வார்த்தை கேட்காவிட்டால் அவருக்குச் சோறு தொண்டையில் இறங்காது. ஆனால் இதை எல்லாம் அவர் எங்கேயும் எழுதிவைத்ததில்லை. ஆகவே வீட்டில் யாருக்கும் தெரியாது.

அந்த வாரம் பார்த்து அவளுக்குச் சென்னையில் பயிற்சி. பெட்டியைத் தானே ஆன்லைனில் வாங்கிவிடுவதாகச் சொன்னாள். முகம் தெரியாதவன் அனுப்புகிற பெட்டியை வைத்தா முகம் தெரியாதவனைத் தடுப்பாய் என்று ஆவுடையப்பன் கேட்டார். சரி, டவுனில் மீரான் பாய் கடையில் நீங்களே வாங்கி, கம்பியை மட்டும் மாட்டி வையுங்கள், மிச்சத்தைத் திங்கட்கிழமை காலை வந்து நான் பார்த்துக்கொள்கிறேன் என்றாள். அப்பாவைத் தெரிந்த பிள்ளை அல்லவா, எழுத்தாகவே கொடுத்துவிட்டுப் போனாள். ரயிலுக்கு நேரமாகிவிட்டதால் ஒரு பக்கத்தோடு நிறுத்திக்கொண்டாள்.

பாபநாசம் கனைத்துக்கொண்டு அதை உரக்கப் படித்தார். பெட்டியின் விலை பன்னிரண்டாயிரத்துக்கு மேல் போகக் கூடாது, குறைந்தால் நல்லது. பழையதானாலும் பரவாயில்லை. பகலும் இரவும் வீட்டில் இருக்கப்போவதால் கரண்டு ஆகக் குறைவாக எடுக்கிற பெட்டியாக இருக்க வேண்டும். உள்ளே விசிறி இருக்கக் கூடாது, சத்தம் போடக் கூடாது, சூடாகக் கூடாது. கம்பி நுழைய இரண்டு துளையாவது வேண்டும். வெளியிலிருந்து வருகிற கம்பி ஒன்றில், வீட்டுக்குள் போகிற கம்பி இன்னொன்றில். இரண்டு கம்பியும் ஒன்றையொன்று நேராகத் தொடவே கூடாது. கடைசியாக, பெட்டியின் வேலை என்ன என்று அப்பாவுக்குப் புரியட்டும் என்று ஒரு வரி: 'நாம் கேட்டதற்கு வருகிற பதிலை மட்டும் உள்ளே விட வேண்டும். கேட்காமல் வருவது எதுவானாலும் வெளியிலேயே நிறுத்த வேண்டும்.'

"பிள்ளை ஷரத்து எழுதியிருக்கிற அழகைப் பாத்தியாடே," என்றார் ஆவுடையப்பன். அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

மறுநாள் காலை மூவரும் வேட்டி மடிப்புக் கலையாமல் மீரான் பாய் கடைக்குப் போனார்கள். பாய் பழைய கம்ப்யூட்டர் வாங்கி விற்கிறவர், நல்ல மனிதர். சீட்டை ஒரு பார்வை பார்த்தார், உள்ளே போனார், டிபன் டப்பா அளவில் கறுப்பாக ஒரு சின்னக் கம்ப்யூட்டரை எடுத்துவந்து வைத்தார். ஒன்பதாயிரத்து ஐநூறு, விசிறி கிடையாது, பத்து வாட்டுதான் எடுக்கும், பின்னால் இரண்டு துளை, பாப்பா கேட்டது அச்சாக இதுதான் என்றார். கதை இங்கேயே முடிந்திருக்க வேண்டியது.

ஆனால் குத்தாலிங்கம் அந்த டப்பாவைச் சுற்றி ஒரு நடை நடந்தார். நிலம் அளக்கப் போன இடத்தில் எல்லைக்கல்லைச் சுற்றுகிற நடை அது.

"ஆகக் குறைவுன்னா என்னண்ணே அர்த்தம்?" என்றார். "இதை விடக் குறைவா இன்னொண்ணு இருக்கக் கூடாதுன்னுதானே?"

ஆவுடையப்பன் யோசித்தார். தம்பி சொன்னது சட்டப்படி சரி. கடையில் உள்ள மற்றதை எல்லாம் பார்க்காமல் இதுதான் ஆகக் குறைவு என்று எப்படிக் கையெழுத்துப் போடுவது? ஆகவே கடையில் இருக்கிற அத்தனை பெட்டியையும் ஒவ்வொன்றாகப் பார்ப்பது என்று முடிவானது. பாய் டீ சொன்னார். அன்றைக்கு மொத்தம் மூன்று தடவை டீ சொன்னார்.

முதலில் வந்தது ஏதோ ஆபீஸ் கழித்துப்போட்ட பெரிய கம்ப்யூட்டர். நாலாயிரம் ரூபாய்தான். விலையைக் கேட்டதும் பாபநாசத்தின் முகம் மலர்ந்தது. ஆனால் உள்ளே விசிறி. அதைக் கழற்றிவிட்டால் விசிறி இல்லாத பெட்டி ஆகிவிடுமே என்று குத்தாலிங்கம் யோசனை சொன்னார். கழற்றினால் அரை மணியில் எரிந்துபோகும் என்றார் பாய். அப்படியானால் பக்கத்தில் ஆள் உட்கார்ந்து ஓலை விசிறியால் வீசலாம், சீட்டில் உள்ளே விசிறி கூடாது என்றுதான் இருக்கிறது, வெளியே கூடாது என்று இல்லை என்றார் பாபநாசம். இந்த வாதம் மூவருக்கும் பிடித்துப்போய், யார் யார் எத்தனை மணிக்கு வீசுவது என்று முறை போடும் அளவுக்குப் போனது. அதிகாலை முறைக்கு ஆள் கிடைக்கவில்லை. அந்த ஒரே காரணத்தால்தான் நாலாயிரம் ரூபாய்ப் பெட்டி தப்பித்தது.

அடுத்தது உள்ளங்கை அகலத்தில் ஒரு பச்சைத் தகடு. ஐந்து வாட்டுதான். ஆனால் ஒரே துளை. பாபநாசம் பையிலிருந்து பேனாவை எடுத்து இன்னொரு துளை போட்டுவிடலாமா என்று பார்த்ததும் பாய் தகட்டைப் பிடுங்கி மேஜைக்குள் வைத்துப் பூட்டினார். பிறகு ஒரு பழைய மடிக்கணினி வந்தது, அது இருபது வாட்டு. அப்புறம் இன்னொன்று, அது எட்டு வாட்டு, விலை பதினாறாயிரம். இப்படியே மத்தியான லுகர் தொழுகைக்கு நேரமாகிவிட்டது.

அப்போதுதான் குத்தாலிங்கத்தின் பார்வை மூலைக்குப் போனது. அங்கே ஒரு பழைய கம்ப்யூட்டர் கூடு நின்றது. சாம்பல் நிறத் தகரம். பாய் அதன் மேல்தான் டீ கிளாஸ்களை வைப்பது வழக்கம்.

"பாய், அது எத்தனை வாட்டு எடுக்கும்?"

"அதா? அது ஒண்ணும் எடுக்காது அண்ணாச்சி. உள்ள ஒண்ணுமே இல்லயே, வெறுங்கூடு."

ஆவுடையப்பன் எழுந்து நின்றார். முப்பத்தெட்டு வருஷ சர்வீஸில் இப்படி ஒரு சொத்து அவர் கைக்கு வந்ததில்லை. விசிறி உண்டா என்று கேட்டார். இல்லை. சத்தம் போடுமா? எப்படிப் போடும் என்றார் பாய். சூடாகுமா? வெயிலில் வைத்தால் ஆகும். பின்பக்கம் துளை? துளைக்கு என்ன பஞ்சம், ஏழு இருக்கிறது. விலை? பாய் மலைத்துப்போய், பழைய இரும்புக்குப் போட்டால் நூற்றைம்பது கிடைக்கும் என்றார்.

பாபநாசம் சீட்டில் ஒவ்வொரு ஷரத்துக்கும் எதிரே ஒரு டிக் போட்டார். கடைசி டிக்கை மட்டும் இரண்டு தடவை அழுத்திப் போட்டார்.

அப்புறம்தான் இவர்கள் விளையாடவில்லை என்பது மீரான் பாய்க்கு உறைத்தது. மனிதர் பதறிப்போனார். "அண்ணாச்சி, சொன்னாக் கேளுங்க. உள்ள சாமான் இருந்தாத்தான் அது வேலை செய்யும். இது வெறும் தகரம். பாப்பா வந்து என்னைத்தான் ஏசும்."

"உள்ள சாமான் இருக்கணும்னு எழுதியிருக்கா?" என்று ஆவுடையப்பன் கேட்டார். "பாபநாசம், இன்னொரு மட்டம் படியும் வே. காற்புள்ளி, முற்றுப்புள்ளி எல்லாம் சேர்த்துப் படியும்."

பாபநாசம் முற்றுப்புள்ளி உட்படப் படித்தார். இல்லை.

"எழுத்துல இல்லாததை நாமளாச் சேர்த்தா அதுக்குப் பேரு என்ன பாய்? மோசடி. என் மக எழுத்துல நான் மோசடி பண்ணவா?"

ஒன்பதாயிரத்து ஐநூறு ரூபாய்ச் சாமானைத் தலையில் கட்டப் பார்க்கிறான் மனுஷன், வயிற்றுப் பிழைப்பு, என்ன செய்வது என்று குத்தாலிங்கம் பாபநாசத்தின் காதில் சொன்னார். பாய்க்கும் அது கேட்டது. டீ கிளாஸ்களை எடுத்துத் தரையில் வைத்தார். நூற்றைம்பது ரூபாயை வாங்கிக்கொண்டு ரசீது எழுதினார். மேற்படி பெட்டிக்குள் யாதொரு வில்லங்கமும் இல்லை என்று ஒரு வரி சேர்க்கச் சொன்னார் ஆவுடையப்பன். மேற்படி பெட்டிக்குள் யாதொன்றும் இல்லை என்று பாய் எழுதிக் கொடுத்தார். இன்னும் பலமாக இருக்கிறது என்று ஆவுடையப்பனுக்குத் திருப்தி.

வீட்டில் பெட்டியை நடுக்கூடத்தில் ஸ்டூல் போட்டு வைத்துச் சந்தனம் குங்குமம் இட்டார்கள். வெளியிலிருந்து வருகிற இணையக் கம்பியைப் பிடுங்கி ஒரு துளையில் விட்டார்கள். வீட்டுக்குள் போகிற கம்பியை இன்னொரு துளையில் விட்டார்கள். இரண்டு கம்பியின் நுனியும் பெட்டிக்குள் ஒரு சாண் இடைவெளியில், சண்டை போட்ட சம்பந்திகளைப் போல ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு தொங்கின. எங்காவது தொட்டுவிடப் போகிறதே என்று குத்தாலிங்கம் நடுவில் ஒரு தேங்காய்ச் சிரட்டையை வைத்தார்.

அந்த நிமிஷத்தோடு வீட்டில் இணையம் நின்றது.

பாபநாசத்துக்குத் தினமும் விடிந்ததும் நாற்பது பேரிடமிருந்து ரோஜாப்பூவும் காலை வணக்கமும் வரும். மறுநாள் காலை ஒரு பூவும் வரவில்லை. மனிதர் போனைத் தட்டினார், துடைத்தார், ஜன்னல் பக்கம் கொண்டுபோய்க் காட்டினார். கடைசியில் பெட்டி பழுதோ என்று அத்தானிடம் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"நீரு அந்தப் பூவைக் கேட்டீரா வே?" என்று குத்தாலிங்கம் குறுக்கே வந்தார்.

"நான் எதுக்குக் கேக்கேன். அவனுவளா அனுப்புதானுவ."

"அப்போ பெட்டி ஜோராத்தானே வேலை செய்யுது."

மூவரும் பெட்டியை மரியாதையோடு பார்த்தார்கள். தெரியாதவனை மட்டும் நிறுத்துகிற பெட்டி ஊரில் எங்கும் கிடைக்கும், தெரிந்தவனையும் நிறுத்துகிற பெட்டி கிடைக்குமா என்றார் ஆவுடையப்பன். பாபநாசத்துக்கு மட்டும் ஒரு சந்தேகம் பாக்கி இருந்தது. தான் கேட்டுப் பார்த்த ஒரு கேள்விக்கும் பதில் வரவில்லையே என்றார். அது கேள்வி போய்ச் சேர்ந்த இடத்தில் உள்ளவனின் ஒழுங்கீனம், அதற்குப் பெட்டி என்ன செய்யும் என்று தீர்ப்பாகிவிட்டது.

கரண்டையும் சோதித்துப் பார்த்தார்கள். வீட்டில் விளக்கு, விசிறி, குளிர்பெட்டி எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, காவல் பெட்டியை மட்டும் வைத்துக்கொண்டு, மீட்டரின் சிவப்புப் பொட்டு கண் சிமிட்டுகிறதா என்று இரண்டு மணி நேரம் உட்கார்ந்து பார்த்தார்கள். ஒரு தடவைகூடச் சிமிட்டவில்லை. குளிர்பெட்டியில் இருந்த பால் மட்டும் திரிந்தது.

வம்பு கடைசி ஷரத்தில் வந்தது. அதைப் பாபநாசம் நாலாவது தடவை படித்தபோது ஆவுடையப்பன் கையைத் தூக்கி நிறுத்தினார். 'கேட்காமல் வருவது எதுவானாலும்' என்று இருக்கிறது. கம்பியில் வருவது என்று இல்லை. எதுவானாலும் என்றால் எதுவானாலும்தான். அன்றிலிருந்து வாசல் இரும்புக் கதவுக்குப் பூட்டு. முறை வைத்து ஒருவர் காவல்.

மீட்டர் கணக்கு எடுக்க வந்தவரை, உம்மை யார் கேட்டது என்று திருப்பி அனுப்பினார்கள். ஒன்றுவிட்ட சித்தப்பா மகன் கல்யாணப் பத்திரிகையும் வெற்றிலை பாக்குத் தட்டுமாக வேகாத வெயிலில் நின்றான். உனக்குக் கல்யாணம் ஆகவேண்டும் என்று இந்த வீட்டில் யாரும் கேட்கவில்லையே என்று குத்தாலிங்கம் கம்பிக்கு உள்ளேயிருந்து பண்பாகச் சொன்னார். அவன் பத்திரிகையைக் கிழித்துப் போட்டுவிட்டுப் போனான். பால்காரர் விஷயத்தில் மட்டும் ஒரு மணி நேரம் விவாதம். தினமும் அரை லிட்டர் கொண்டுவா என்று பதினாலு வருஷத்துக்கு முன்னால் கேட்டது உண்மை. ஆகவே இன்றைக்கு அவர் கொண்டுவருவது அன்றைக்குக் கேட்டதற்கு வருகிற பதில்தான் என்று பாபநாசம் நிரூபித்தார். பாலை உள்ளே விட்டார்கள். இன்று பால் விலை ஏறிவிட்டது என்று அவர் சொன்னதை வெளியிலேயே நிறுத்திவிட்டார்கள்.

திங்கட்கிழமை காலை எட்டரைக்கு உலகம்மை ஆட்டோவில் வந்து இறங்கினாள். ரயிலில் சரியாகத் தூங்காத கண். கதவை ஆட்டினாள். காவல் முறை ஆவுடையப்பனுடையது.

மகளைப் பார்த்ததும் அவர் கை தானாகப் பூட்டுக்குப் போனது. அப்புறம் பாதியில் நின்றது.

"ஏம்மா, நீ இன்னைக்கு வரணும்னு நாங்க யாராவது கேட்டோமா?"

உலகம்மை பையைக் கீழே இறக்கி வைத்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள், "அப்பா, பத்து மணிக்குச் சோதனை. கதவைத் திறங்க."

"நீ எழுதிக் கொடுத்தபடிதான் தாயி நடக்குறேன்," என்றார். சட்டத்துக்கும் பாசத்துக்கும் நடுவில் அந்த மனிதர் பட்ட பாட்டைப் பார்த்தால் கல்லும் கரையும், ஆனால் பூட்டு திறக்காது. உள்ளே கூட்டம் கூடினார்கள். முக்கால் மணி நேரம் பேசினார்கள். உலகம்மை பையின் மேல் உட்கார்ந்து காத்திருந்தாள். இந்த வீட்டில் சத்தம் போட்டால் அந்தச் சத்தத்தை யார் கேட்டது என்று இன்னொரு கூட்டம் போடுவார்கள் என்று அவளுக்குத் தெரியும்.

கடைசியில் பாபநாசம்தான் வழி கண்டுபிடித்தார். ஆவுடையப்பன் கூடத்துக்குள் போய் நின்று, ஆறடி தூரத்தில் நிற்கிற மகளின் போனுக்குக் கூப்பிட்டார்.

"உலகம்மா, வீட்டுக்கு வாரியா?"

"வாரேன்பா."

கேட்டாகிவிட்டது, பதிலும் வந்துவிட்டது. பூட்டு திறந்தது.

நடுக்கூடத்தில் சந்தனமும் குங்குமமுமாக நின்ற பெட்டியைப் பார்த்ததும் அவள் பையை அப்படியே போட்டாள். பெட்டியின் பக்கவாட்டுத் தகரத்தைக் கழற்றினாள். உள்ளே சிரட்டை இருந்தது.

"இதுக்குள்ள என்னப்பா இருக்கு?"

"யாதொன்றும் இல்லம்மா. ரசீதே இருக்கு. அதான் கரண்டே எடுக்கல பாத்துக்கோ. நீ கேட்டதை விடக் குறைவு."

அவள் கம்பிகளை எடுத்து ஒன்றோடொன்று சேர்க்கப் போனாள். பெட்டி இல்லாவிட்டாலும் இணையமாவது வருமே என்ற எண்ணம். குத்தாலிங்கம் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு குறுக்கே நின்றார், நேராகத் தொடவே கூடாது என்று உன் கையெழுத்திலேயே இருக்கிறது என்றார். சித்தப்பா விலகுங்க, சித்தப்பா விலகுங்க என்று அவள் சொல்லிச் சொல்லிப் பார்த்தாள். விலகு என்று சீட்டில் இல்லை.

அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். குக்கரில் எத்தனை விசில் விடணும்னு எழுதி வச்சிட்டுப் போறேன்பா என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். ஆவுடையப்பனுக்கு ஜென்மத்தில் முதல் தடவையாக, எழுதாத ஒன்று படிக்க வந்தது. சட்டென்று அவள் எதிரே குந்தினார்.

"ஒரு வரி கூடச் சேர்த்து எழுதிக் கொடும்மா. உள்ள என்ன இருக்கணும்னு எழுது. நான் ஓட்டமா ஓடி வாங்கியாறேன்."

"மணி ஒன்பது அம்பத்தெட்டுப்பா."

பத்து அடித்தது. வீட்டில் நாலு பேரும் பெட்டியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பெட்டி எப்போதும் போல அமைதியாக இருந்தது. பதினொன்றே கால் ஆனபோது உலகம்மையின் போன் அடித்தது. ஹைதராபாத்திலிருந்து மேனேஜர் நிரஞ்சன். சென்னைக்காரர். பேச்சில் பாதி இங்கிலீஷ், மீதி மூச்சு.

ஒரு மணி நேரமாக எட்டுப் பேர் அவள் வீட்டுக்குள் நுழையப் பார்த்தார்களாம். ஒரு ஊசி முனை போகவில்லையாம். மற்றவர்கள் வீட்டில் எல்லாம் எங்கேயாவது ஒரு ஓட்டை கிடைத்ததாம். மொத்தம் முந்நூறு வீட்டில் நூற்றுக்கு நூறு வாங்கியது இந்த ஒரு வீடுதானாம். அது என்ன பெட்டி என்று கேட்டார்.

உலகம்மைக்குப் பொய் சொல்லி வழக்கமில்லை. "சார், அது காலிப் பெட்டி சார். உள்ள ஒண்ணுமே இல்ல. கம்பியை எதுலயும் மாட்டல."

"சூப்பர். காலி. எழுதிக்கிட்டேன். எத்தனை வாட்?"

"சார், நான் சொல்றதைக் கொஞ்சம் கேளுங்க. அது எதையுமே எடுக்காது."

"ஜீரோ வாட். விலை?"

"நூத்தம்பது சார். பழைய இரும்பு விலை."

அந்தப் பக்கம் பேனா சத்தம் கேட்டது. நாங்கள் ஒரு பெட்டிக்கு நாற்பதாயிரம் கொடுக்கிறோம் மேடம், இதைக் கமிட்டியில் வைக்கிறேன் என்று நிரஞ்சன் போனை வைத்தார். அவள் மறுபடி கூப்பிட்டுப் பார்த்தாள். அவர் மீட்டிங்கில் இருந்தார். மீட்டிங் மூன்று நாள் நடந்தது.

ஹைதராபாத்துக் கமிட்டியில் பதினான்கு பேர். எல்லாரும் பெரிய பெரிய படிப்பு. அவர்களிலும் ஒருவர், உள்ளே ஒன்றுமில்லாமல் எப்படி என்று கேட்கத்தான் செய்தாராம். உள்ளே ஏதாவது இருக்க வேண்டும் என்று நம்முடைய டெண்டர் விதியில் எங்கேயாவது இருக்கிறதா என்று இன்னொருவர் கேட்டாராம். விதியைப் படித்துப் பார்த்தார்கள். இல்லை. மறு வாரம் மீரான் பாய் கடைக்கு லாரி வந்தது. அறுநூறு வெறுங்கூடு வேண்டுமாம். பாய் நாலு ஜில்லாவில் பழைய இரும்புக்காரர்களை எல்லாம் அலைந்து பிடித்து அனுப்பிவைத்தார். வெறும் தகரம் என்று இந்தத் தடவை அவர் யாரிடமும் சொல்லவில்லை.

ஹைதராபாத்தில் ஏழு மாடியிலும் கூடுகளை வைத்துக் கம்பியைத் துளைகளில் விட்டார்கள். அன்றோடு அந்தக் கட்டடத்துக்குள் ஒரு வைரஸ் நுழையவில்லை, ஒரு திருடன் நுழையவில்லை. ஒரு மின்னஞ்சலும் நுழையவில்லை. புகார்கள் எல்லாம் மின்னஞ்சலில்தான் வர வேண்டும் என்பதால் புகாரும் இல்லை. மாத அறிக்கையில் தாக்குதல் பூஜ்யம், புகார் பூஜ்யம், காவல் பெட்டிக்கு ஆன மின்சாரம் பூஜ்யம் என்று வரிசையாகப் பூஜ்யம் விழுந்ததைப் பார்த்து முதலாளி மெய்சிலிர்த்துப் போனாராம். நடந்த வேலை எவ்வளவு என்பதற்கு அந்த அறிக்கையில் கட்டம் இல்லை.

ஒரே ஒரு சிரமம். ஆபீஸில் உட்கார்ந்து ஒரு வேலையும் பார்க்க முடியவில்லை. ஆகவே எல்லாரும் அவரவர் வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம், இனிமேல் யாரும் ஹைதராபாத்துக்கு வர வேண்டியதில்லை என்று உத்தரவு போட்டார்கள். கடிதம் கொக்கலாஞ்சேரிக்குத் தபாலில் வந்தது. ஆவுடையப்பன் அதை ஏழு தடவை படித்துவிட்டுச் சட்டம் போட்டு மாட்டினார். எழுத்திலேயே வந்துவிட்டதல்லவா, இனி மகள் எங்கும் போக மாட்டாள். அன்றைக்கு ராத்திரி ரசத்துக்கு உப்பு போதுமா என்று உலகம்மை கேட்டாள். உப்பே இல்லை. போதும் தாயி என்று சொல்லி மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டார்.

உலகம்மைக்குப் பதவி உயர்வும் வந்தது, பாதுகாப்புப் பிரிவுக்கே தலைவி. மாதா மாதம் சம்பளம் வருகிறது, வேலைதான் வருவதில்லை. பார்த்தாள். ரகசியமாகப் பாயிடம் போய் அந்த டிபன் டப்பாவைத் தன் காசில் வாங்கிக்கொண்டாள். அதைத் தன் அறையில் தனி இணையத்தில் மாட்டி, வேறு ஒரு கம்பெனிக்கு நிஜமாகவே வேலை பார்க்கிறாள். இதை அவள் எங்கும் எழுதிவைக்கவில்லை. ஆகவே வீட்டில் யாருக்கும் தெரியாது.

போன மாதம் ஹைதராபாத்திலிருந்து ஒரு பார்சல் வந்தது. தலைவி வீட்டுப் பெட்டி என்றைக்காவது பழுதாகிவிட்டால் என்ன செய்வது என்று கமிட்டி கவலைப்பட்டு, மாற்றுக்கு இன்னொரு வெறுங்கூடு அனுப்பியிருந்தது. பெரியவர்கள் மூவரும் அதைப் பழைய பெட்டிக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு வைத்தார்கள். ஒன்றுக்கு இரண்டாகிவிட்டதே, கரண்டு எகிறிவிடுமே என்று ஆவுடையப்பனுக்கு ஒரே விசாரம். விளக்கை எல்லாம் அணைத்துவிட்டு மத்தியானம் முழுக்க மீட்டர் முன்னால் உட்கார்ந்தார்கள்.

"அத்தான், ஒரு பெட்டிக்கு எவ்வளவு ஆச்சோ அதேதான் ரெண்டுக்கும் ஆகுது," என்றார் பாபநாசம் கடைசியில்.

"அப்படின்னா ஒரு பெட்டிக்கு இப்போ பாதிதான் ஆகுது," என்றார் குத்தாலிங்கம்.

ஆவுடையப்பன் விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். தம்பி சொன்னது சரியாகத்தான் வந்தது. வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு எழுந்தார். வீட்டு மொத்தக் கரண்டும் மிச்சமாகிற வரைக்கும் எத்தனை பெட்டி வேண்டும் என்று பாயிடமே கேட்டுவிடலாம் என்று மூவரும் பஸ் ஏறினார்கள். வரும்போது லாரியில் வந்தார்கள்.